கதாபாத்திரம் கதறுகிறது, கேட்பவர் கடலை தின்கிறார்: உருக்கமான காட்சிகளில் பிழை தேடும் வழி

பகலில் என் பிழைப்பு கட்டடக் கசிவு பார்ப்பது. மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. "அண்ணா, ஹால்ல சீலிங் ஊறுது, வந்து பாருங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் கறை ஹாலில் இருக்கும், ஓட்டை மேல்வீட்டுக் குளியலறையில் எட்டடி தள்ளி இருக்கும். தண்ணீர் சிலாபுக்குள்ளேயே கிடைத்த வழியில் ஊர்ந்து வந்து, தனக்குத் தோதான இடத்தில் சொட்டும். கறையின் மேல் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவனை அடுத்த மழைக்கு மறுபடி கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை. சயான் கோலிவாடா பக்கம் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதிய கதைகளை வாசிப்போம். தாராவியிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு, செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கிற மெகா பிளாக் இருக்கிற ஞாயிறுகளில் பாதிப் பேர் முதல் கதை முடிந்தபிறகுதான் படியேறுவார்கள். அங்கே அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: "உருகி உருகி எழுதினேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலை." எழுதியவர் உடனே அந்தப் பக்கத்தைத் திருத்த உட்காருவார். இன்னும் நாலு கண்ணீர், இரண்டு ஆச்சரியக்குறி. எல்லாம் கறைமேல் பூசும் புட்டி.

கீழே உள்ளவை இத்தனை வருடங்களில் நாங்கள் பார்த்த கோளாறுகள். உங்கள் காட்சிக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை.

முதலில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

எங்கள் தொழிலில் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாயை, நஹானி டிராப் என்போம், அடைத்துவிட்டு, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காத்திருப்போம். கீழ்வீட்டில் கறை பெருகுகிறதா என்று பார்ப்போம். யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

கதைக்கும் அப்படித்தான். எழுதாத ஒருவரை உட்கார வைத்து, காட்சியைச் சத்தமாக வாசியுங்கள். "எப்படி இருந்துச்சு" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஆட்கள் மனசு நோகக்கூடாது என்று "ரொம்ப டச்சிங்" என்றுவிடுவார்கள். எங்கள் அறையில் நடுவில் ஒரு தட்டில் வறுத்த கடலை இருக்கும். வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர், கேட்கிறவர்களின் கையைப் பார்ப்பார். தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் கை எந்த வரியில் நின்றதோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளியே விழாத கதைகளும் உண்டு. என்னுடையதில் இரண்டு அப்படி இருக்கின்றன.

அறிகுறி 1: கதாபாத்திரம் கதறுகிறது, கேட்பவரின் கை நிற்கவே இல்லை

நூற்றுக்கு எழுபது கேஸ் இதுதான் என்று வாய்க்கு வந்த கணக்கைச் சொல்வேன். எங்கள் குழுவில் ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்ததை, அவன் சம்மதத்தோடு இங்கே காட்டுகிறேன். செல்வம் தாராவியில் ஒரு லெதர் பட்டறையில் வேலை செய்கிறான். திருநெல்வேலிப் பக்கம் ஊர். அப்பா இறந்த செய்தி வருகிறது.

"போனை வைத்தான் செல்வம். அவன் உலகமே இருண்டது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. 'அப்பா, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!' என்று கதறினான். கண்ணீர் ஆறாய்ப் பெருகியது. ஊமையாய் நின்ற சுவர்களும் அவனோடு அழுதன."

இதில் அழுகையெல்லாம் செல்வமே அழுது முடித்துவிட்டான். கேட்கிறவருக்கு மிச்சம் வைக்கவில்லை. சாவு வீட்டில் நமக்கு எப்போது தொண்டை அடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாரில் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது கொஞ்சம் விலகித்தான் நிற்போம். அடுப்படியில் மருமகள் வந்திருக்கும் தலைகளை எண்ணி, "பால் இன்னும் ரெண்டு லிட்டர் வாங்கியாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகம் துடைப்பாள் பாருங்கள், அங்கேதான் பிடிக்கும். ஒப்பாரியையே காது கொடுத்துக் கேளுங்கள். "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று எந்த ஒப்பாரியும் பாடாது. இருந்தவர் என்ன வாங்கி வந்தார், எங்கே உட்கார்ந்தார், யாருக்கு என்ன கொடுத்தார் என்று அது பட்டியல்தான் போடும்.

சரி செய்வது எப்படி? அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்னென்ன செய்தாக வேண்டும் என்று எழுதுங்கள். செல்வத்துக்கு முதல் வேலை டிக்கெட். தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள்தான் திறக்கும், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ஆக இன்றைக்குச் சாவுச் செய்தி வந்தவனுக்கு, இன்றைய வண்டியின் தட்கல் பெரும்பாலும் நேற்றே தீர்ந்திருக்கும். ஜெனரல் டப்பாதான். ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள். ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைக்கிறார்கள்தான், ஆனால் உள்ளூரில் இன்னொரு மகன் இருக்கும்போது ஒன்றரை நாள் யார் காத்திருப்பார்கள்? விமானத்தில் போகலாமே என்று எங்கள் அறையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. செல்வமும் அதைக் கேட்டுக்கொள்ளட்டும். போனில் விலையைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைக்கட்டும். தம்பி திருத்திக் கொண்டுவந்தது இது:

"மணி பதினொன்று பத்து. பையில் இரண்டு சட்டை வைத்தான். வெள்ளை வேட்டியைத் தேடினான். போன பொங்கலுக்கு அப்பா கொடுத்துவிட்டது, டிரங்குப் பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பட்டறையில் அண்ணாச்சி கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு 'அட பாவமே' என்றார். பேனாவை மூடினார். 'எத்தன நாள் ஆகும்?' 'பதினாறு' என்றான் செல்வம். அண்ணாச்சி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். 'பத்து நாள்ல வந்துருதேன் அண்ணாச்சி' என்றான்."

'பத்து நாள்ல' என்ற இடத்தில் ஐந்து பேர் கை நின்றது. புள்ளி வைத்தவன் நான்தான்.

ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டே ரயிலேறினேன். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் எளியவனாக்கப்படுவது, இழந்து நிற்பது, முன்பு இருந்த நிலை கெட்டுப்போவது, இல்லாமை. முதல் வடிவத்தில் இழவு மட்டும்தான் இருந்தது. இரண்டாவதில் வறுமை வந்து சேர்ந்தது, அப்பாவின் பதினாறாம் நாளையே பேரம் பேச வேண்டிய இளிவும் சேர்ந்தது. நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதிய காட்சி ஒற்றைக்காலில் நிற்கும். உங்கள் காட்சியில் இழவு இருக்கிறதென்றால், மற்ற மூன்றில் எது அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று அந்த அறையிலேயே இருக்கும், நாம் எழுதியிருக்க மாட்டோம். 'மெய்ப்பாடு' என்ற சொல்லையே பாருங்கள். மெய்யில், அதாவது உடம்பில் படுவது. சுவரில் அல்ல.

அறிகுறி 2: காட்சியில் குறை எதுவும் இல்லை, ஆனாலும் எடை இல்லை

கறை ஒரு இடம், ஓட்டை ஒரு இடம் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். அந்தப் பக்கத்தை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பிரயோசனமில்லை. பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டும்.

தம்பியின் கதையில் செல்வம் ரயிலில் இருக்கும்போதே ஊரில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தக் காட்சி சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. கதறல் இல்லை, உவமை இல்லை. ஆனால் யாரும் கடலையை நிறுத்தவில்லை. காரணம் எளிது. அந்த அப்பாவை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவர் கதைக்குள் நுழைந்ததே பிணமாகத்தான்.

தம்பியிடம் கேட்டேன்: "ஊருக்குப் போறப்ப என்ன வாங்கிட்டுப் போவே?" "மாகிம் அல்வா" என்றான். மாகிம் அல்வா தெரியாதவர்களுக்கு: அது நம் ஊர் அல்வா மாதிரி நெய் ஒழுகாது. தகடு தகடாக, சதுரமாக, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் பட்டர் பேப்பரோடு அட்டைப் பெட்டியில் வரும். திருநெல்வேலிக்காரன் வீட்டுக்கு மும்பையிலிருந்து அல்வா! இதைவிட என்ன வேண்டும்? உட்கார்ந்து எழுத வைத்தோம்.

முதல் தடவை, கதையின் தொடக்கத்தில், சிரிக்கச் சிரிக்க:

"அப்பா ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். 'ஏல, திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா குடுக்கியா? அதுவும் காயிதத்துல?'"

இரண்டாவது, ஒரு போன் பேச்சின் நடுவில், போகிற போக்கில்:

"'மழையாமே அங்க? சாப்ட்டியாய்யா?' என்றாள் அம்மா. 'இங்க ஒங்கப்பா அந்தக் காயித அல்வா தீந்து போச்சான்னு டப்பாவத் தட்டித் தட்டிப் பாக்காவ.'"

மூன்றாவது, ரயிலில்:

"குண்டக்கல் தாண்டி சிக்னல் வந்தது. 'எடுத்தாச்சுல' என்றான் அண்ணன். 'வெயிலுக்கு முந்தி முடிச்சிருவோம்னு பெரியவங்க சொல்லிட்டாவ.' 'சரிண்ணே' என்றான். பக்கத்தில் இருந்த குழந்தை அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. பையின் வாயில் அல்வாப் பெட்டி தெரிந்தது. நேற்று கால் தானாகக் கடைக்குப் போய் வாங்கியிருந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு தகட்டை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பிறகு காகிதத்தை உரித்துக் குழந்தையிடம் கொடுத்தான்."

'தூக்கிப் பிடித்தான்' என்பதற்குப் பிறகு "அப்பாவின் நினைவு நெஞ்சை அழுத்தியது" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று தம்பி நாற்பது நிமிடம் சண்டை போட்டான். வாசகருக்குப் புரியாமல் போய்விட்டால் என்று பயம். புரியாத ஒருவருக்காகப் புரிந்த ஒன்பது பேரின் வாயில் ஊட்டிவிட வேண்டியதில்லை என்றேன். ஒப்புக்கொண்டானா என்று தெரியாது, வரியை எடுத்துவிட்டான்.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. அல்வா வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அடுத்த ஞாயிறு அதை ஐந்து இடத்தில் போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது அல்வா வந்ததுமே ஆச்சி ஒருவர், "சரி, யாரோ சாகப்போறாவ" என்றார். விதை தெரியும்படி விதைக்கக் கூடாது. முதல் தடவை அந்தப் பொருள் வேறு வேலைக்காக வந்த மாதிரி இருக்க வேண்டும். இங்கே அது சிரிக்க வைக்க வந்தது.

அறிகுறி 3: எல்லோரும் வக்கீல் மாதிரி பேசுகிறார்கள்

"நீ என்னைப் புரிஞ்சுக்கவே இல்லம்மா. சின்ன வயசுலேர்ந்து உன் அன்புக்காக ஏங்கினேன்." நம் வீடுகளில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? டப்பிங் சீரியலில் பேசுகிறார்கள். நம் வீட்டில் கோபமும் பாசமும் "சாப்ட்டியா"வுக்குள்தான் இருக்கும், தொனியில் வித்தியாசம் தெரியும்.

எங்கள் குழுவில் ஒரு பெண் எழுதிய கதை. மகள் ஒரு மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு நாளைக்கு மும்பைக்கு வெளியே கல்யாண் என்கிற ஊருக்குப் போகிறாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை, தடுக்கவும் இல்லை. முதல் வடிவத்தில் இருவரும் மூன்று பக்கம் வாதாடினார்கள். பிறகு அவர் அந்த மூன்று பக்கத்தையும் தூக்கிவிட்டு, விடியற்காலை முனிசிபாலிட்டிக் குழாயடிக்கு இருவரையும் அனுப்பினார்.

"'தண்ணி வந்துருச்சாம்மா?'
'வந்துருச்சு.'
'நாளைக்கு யாரு புடிப்பா?'
'நான்தான். மூணு கொடம் எதுக்கு எனக்கு, ஒண்ணு போதும்.'"

வாதம் முழுக்க அதில் இருக்கிறது. பழுது பார்க்கும் முறை இதுதான்: உங்கள் வசனத்தில் 'அன்பு', 'பாசம்', 'வலி', 'ஏக்கம்', 'புரிதல்' என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். அந்த வாக்கியங்களை அப்படியே எடுத்துவிட்டு, அவர்கள் ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசட்டும். தண்ணீர், சாவி, மாத்திரை, பஸ் நேரம், எதுவானாலும் சரி. மனசில் இருப்பது அந்த வேலைக்குள் தானாக இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கதையில் ஒருவர் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லலாம். எல்லாரும் பூடகமாகவே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் பாசாங்கு ஆகிவிடும். சமீபத்துச் சிறுகதைகள் சிலவற்றைப் படிக்கும்போது, இந்த வீட்டில் யாருக்காவது வாய் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

அறிகுறி 4: பெரிய சம்பவம், சின்னக் காட்சி

26 ஜூலை 2005. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மும்பையில் அந்த நாளைக் கடந்த எல்லாரிடமும் அன்றைக்கு ஒரு கதை உண்டு, எங்கள் குழுவில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் 944 இருந்தது, கழுத்தளவுத் தண்ணீர் இருந்தது, மிதந்து போன எருமை இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் "ஆமா ஆமா, எங்க வீட்லயும்..." என்று தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோளாறே அதுதான். சம்பவம் பெரிதாக இருந்தால் வாசகர் உங்கள் ஆளை விட்டுவிட்டுத் தன் நினைவுக்குள் போய்விடுவார்.

மூன்றில் ஒன்று மட்டும் பிறகு தேறியது. வெள்ளத்தின்போது ஒரு பெரியவர் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், மனைவியின் ஒரே போட்டோ எல்லாவற்றையும் சீலிங் ஃபேன் இறக்கைகளின் மேல் வைத்துக் காப்பாற்றுகிறார். வெள்ளம் வடிந்து, ஒரு வாரம் கழித்துக் கரண்ட் வருகிறது. பேரன் சந்தோஷத்தில் ஸ்விட்ச்சைப் போடுகிறான். அவ்வளவுதான் கதை. தண்ணீர் ஏறும் காட்சியை முழுக்க எடுத்துவிட்டார்கள். பெரிய சம்பவத்தை எழுதும்போது, அது முடிந்து எல்லாம் பழையபடி ஆகிற நாளில் காட்சியை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி 5: வானமும் சேர்ந்து அழுகிறது

வெட்டிவிடுங்கள். இதற்கு வேறு சிகிச்சை இல்லை. சந்தேகமிருந்தால் புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டைப் பாருங்கள், ஐந்தே வரி. அதிலும் நிலா வருகிறது. அந்த நிலா அழவில்லை, வாடவில்லை, மேகத்துக்குள் ஒளியவும் இல்லை. போன மாதம் காய்ந்த மாதிரியே இந்த மாதமும் காய்கிறது. அப்பாவும் இல்லை, மலையும் இல்லை.

அறிகுறி 6: முக்கியமான இடம் சட்டென்று ஓடிவிடுகிறது

தாதரில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறினால் அடுத்து குர்லாவில்தான் நிற்கும். மாட்டுங்காவும் சயானும் ஜன்னலில் ஓடிப்போகும். சிலர் கதையில் நாற்பது வருடத்தை ஸ்லோ வண்டியில் ஓட்டிவிட்டு, நாம் இறங்க வேண்டிய ஸ்டேஷனை மட்டும் ஃபாஸ்டில் கடந்துவிடுவார்கள். "அவர்கள் பிரிந்தார்கள்" என்று ஒரு வரி. எழுதுகிறவருக்கே அங்கே நிற்கப் பயம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். அந்த வரியின் மேல் பென்சிலை வைத்து, அந்த ஐந்து நிமிடத்தில் யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, யார் முதலில் திரும்பினார்கள் என்று எழுதுங்கள்.

அறிகுறி 7: தவறான இடத்தில் சிரிப்பு வருகிறது

இரண்டு வகை இருக்கிறது. சாவு வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அதை விட்டுவிடுங்கள், அது காட்சிக்கு உரம். ஐயரைத் தேடிப் போனவன் வேறு வீட்டுக்கு வந்த ஐயரைக் கூட்டி வந்துவிட்டான் என்றால் சிரிப்பார்கள், அடுத்த நிமிடம் இன்னும் ஆழமாக விழுவார்கள். ஆனால் உங்கள் வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்தால் அது வேறு. பெரும்பாலும் கதாபாத்திரம் தன் வயதுக்கும் ஊருக்கும் மீறிப் பேசியிருக்கும். ஒன்பது வயதுக் குழந்தை சாகும்போது தத்துவம் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? குழந்தையைச் சாகடித்துக் கண்ணீர் வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல்: அது வேலை செய்யும், ஒரு முறை. இரண்டாம் முறை படிக்கிறவர் உங்கள் மேல் கோபப்படுவார்.

அறிகுறி 8: எழுதியவர் அழுகிறார், கேட்பவர் அழவில்லை

இது என் நோய். அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

என் அம்மா தாராவியில் இட்லி அவித்தவர். தாராவி இட்லியைத் தெரியாத மும்பைக்காரர் இருக்க மாட்டார். விடிந்ததும் பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கி அமுக்கி, நகரத்தின் தெருத்தெருவாய்ப் போவார்கள் பாருங்கள், அந்த இட்லி இங்கேதான் அவிகிறது. அம்மா ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். அம்மா அவித்ததைக் கொண்டுபோய் விற்க ஒரு சைக்கிள்காரர் வருவார். அவரும் எங்கள் பக்கத்து ஊர்தான், அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அம்மா இறந்த பிறகு அவரைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பதினொரு தடவை. ஒவ்வொரு முறையும் எழுதும்போது அழுதேன், வாசிக்கும்போது குரல் உடைந்தது. அறையில் எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடலைத் தட்டு காலியானது.

அல்வாவைப் பிடித்த அதே ஆச்சிதான் கேட்டார்: "தம்பி, ஒங்கம்மா இட்லித் தட்டுல துணி போட்டு ஊத்துவாவளா, எண்ணெ தடவி ஊத்துவாவளா?"

துணி. பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தது. ஒவ்வொரு ஈட்டுக்கும் அதை நனைத்துப் பிழிந்து விரிப்பார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரிப்பார். அந்த வெந்த துணி வாசனைதான் எனக்கு அம்மா. பதினொரு வடிவத்திலும் அந்தத் துணி இல்லை. "அம்மா எனக்குத் தெய்வம்" இருந்தது, "உழைப்பின் உருவம்" இருந்தது. என் மண்டைக்குள் துணி இருந்ததால் ஒவ்வொரு வரியிலும் எனக்கு அது மணத்தது. கேட்டவர்களுக்கு எங்கிருந்து மணக்கும்?

சொந்த வாழ்க்கையை எழுதும்போது இதுதான் ஓட்டை. எழுதுகிறவரின் நினைவு, காகிதத்தில் உள்ள பள்ளங்களையெல்லாம் தானே நிரப்பிவிடும். இதற்கு இரண்டு மருந்து எனக்குத் தெரியும். ஒன்று, அந்த மனிதரைத் தெரியாத ஒருவரிடம் கதையைக் கொடுத்து, கருத்து வேண்டாம், பத்துக் கேள்வி மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்பது. என்ன சாப்பிடுவார், எந்தக் கையால் கதவைத் தட்டுவார் என்கிற மாதிரிக் கேள்விகள். பதில்களை எழுதிப் பார்த்தால் இல்லாதது எது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, கண்ணை மாற்றுவது. மகனாக இருந்து எழுத வராத காட்சியை வேறு யாராவது பார்க்கட்டும்.

நான் சைக்கிள் மாமாவிடம் கொடுத்தேன். பன்னிரண்டாவது வடிவத்தில் அவர் வழக்கம்போல வருகிறார். அம்மா முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டார், அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சந்து முனையில் சைக்கிளை நிறுத்துகிறார். அடுப்புப் புகை இல்லை. வாசலில் செருப்புகள் கிடக்கின்றன. ஹார்னை அமுக்கப் போன கை நிற்கிறது. கொடியில் காய்கிற துணிகளைப் பார்க்கிறார், எண்ணுகிறார், மழை வருகிற மாதிரி இருக்கவே எல்லாவற்றையும் எடுத்து மடித்துத் திண்ணையில் வைக்கிறார். காலிப் பாத்திரத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார், ஏறவில்லை.

அதை எழுதும்போது நான் அழவில்லை. துணிகள் எத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை ஒரு பத்திரிகையில் வந்தது. பெயர் வேண்டாம். ஆசையாய்ப் பிரித்துப் பார்த்தால், 'ஏறவில்லை'க்குப் பிறகு ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "அவர் கண்களில் நீர் தளும்பியது." என்னைக் கேட்கவில்லை. அந்த இதழை இன்னும் வைத்திருக்கிறேன், அந்த வரியின் மேல் ஸ்டாம்ப் ஒட்டிவைத்து.

அறிகுறி 9: முடிந்த பிறகும் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது

மேலே சொன்னதுதான், பத்திரிகைக்காரர் செய்ததை நாமே செய்துகொள்வது. கடைசி வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். காட்சி நிற்கிறதா? இன்னொரு வரியையும் மறையுங்கள். எது போனால் காட்சி சரிகிறதோ அதுவரைக்கும் மறைக்கலாம். நான் பார்த்தவரையில் இரண்டு வரியாவது போகும்.

தம்பி இப்போது செல்வம் திரும்பி வருகிற காட்சியை எழுதிக்கொண்டிருக்கிறான். பத்தாம் நாள், தாதர், கையில் அதே பை. அந்த அல்வாப் பெட்டியில் மிச்சம் இருந்த தகடுகள் என்ன ஆயின என்று போன ஞாயிறு பெரிய வாக்குவாதம். ஊரில் படத்துக்கு முன்னால் வைத்திருப்பான் என்றார் ஒருவர். அதெல்லாம் முடியாது, அம்மா காலி டப்பாவைக் கழுவி முறுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டிருப்பாள் என்றார் ஆச்சி. அட்டைப் பெட்டியை எப்படிக் கழுவுவது என்று தம்பி கேட்டான். அதற்குள் மணி ஏழாகிவிட்டது, முலுண்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.